எழுபது வளைவும் ஒரு ரெட்டை ஜடையும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு எப்போதும் நாற்பத்து மூன்றாவதில்தான் வரும். என்ன வரும் என்று கேட்காதீர்கள், சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். நான் கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அத்தா, என் அப்பா, மலை மிளகு வாங்கி விற்கிற வியாபாரி. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இருபத்தெட்டு வயதுவரை மலைக்குப் போனது மொத்தம் இரண்டே முறை. இரண்டு முறையும் அத்தாவின் வெள்ளைச் சட்டைதான் பலியானது. மூன்றாம் முறை அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போது எனக்கு எட்டு வயது.

ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனபோது அங்கே எனக்கு முதலில் பிடித்தது ரோடுதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். அங்கே ஒரு வீடியோ ஸ்டூடியோவில் கல்யாணம் எடுப்பது என் வேலை. மாப்பிள்ளை சிரிப்பார், எடுப்பேன். மாமனார் அழுவார், எடுப்பேன். எல்லாம் அடுத்தவர் கதை. என் கதையாக ஒரே ஒரு குறும்படம், பத்து நிமிடம், எடுத்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாக மனதில் அரித்துக்கொண்டிருந்தது. பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற ஒரு பிள்ளை, அந்த மலையைத் தாண்டி வளர்கிற கதை.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு மாத லீவு கிடைத்தது. முதலாளி மனது வைத்து ஒரு கேமராவையும் கொடுத்தனுப்பினார். ஊருக்கு வந்தால் அம்மா எனக்குப் பெண் பார்க்கிறேன் என்று மூன்று வாரத்தைத் தின்றுவிட்டார். கையில் மிச்சம் ஐந்து நாள். செவ்வாய்க்கிழமை மலையேறி, சனிக்கிழமை இறங்கி, ஞாயிற்றுக்கிழமை விமானம். இந்த முறை எடுக்காவிட்டால் நான் இனி எடுக்கவே மாட்டேன், கல்யாண வீடியோக்காரனாகவே கிழவனாகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றியது.

என் மொத்தப் படக்குழு என் தங்கை நூர்ஜஹான், எங்களுக்கு நூரு. பி.எஸ்.ஸி. இரண்டாம் வருடம், வாய் ஐந்தாம் வருடம். மைக்கைப் பிடிப்பது, நோட்டில் குறிப்பு எழுதுவது, என்னைத் திட்டுவது மூன்றும் அவள் பொறுப்பு. முப்பதாவது வளைவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பாலிதீன் கவரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"டைரக்டர் சார், ரெடியா?" என்றாள்.

நாற்பத்து மூன்றில் ரெடியானேன். முன் சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "அடிவாரத்துப் புள்ளைங்களுக்கே இப்பிடித்தானுங்க. மேல இருக்கறதுகளுக்கு ஒண்ணும் ஆவறதில்ல" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார். எனக்கு ரோஷம் வந்தது, ஆனால் பேச வாயைத் திறக்க முடியவில்லை.

மலைமேல் செம்மேட்டில் எங்களுக்காகக் காத்திருந்தவர் பொன்னுசாமி அண்ணன். குண்டனி நாட்டில், மலையில் ஊர்த் தொகுதிக்கு நாடு என்றுதான் பேர், மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அத்தாவுக்கு இருபது வருடமாக மிளகு கொண்டுவருகிறவர். "ஏனுங்க தம்பி, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது? ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சூப்பு குடிச்சா தெளிஞ்சிரும் வாங்க" என்று கேமராப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். என் உயிரே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பின்னாலேயே கையை ஏந்திக்கொண்டு நடந்தேன்.

அந்த சூப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முடவாட்டுக்கால் என்று ஒரு கிழங்கு, பாறையில் ஒட்டி வளருமாம். மேலெல்லாம் ரோமம். அதைச் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ராசம்மா அக்கா கொதிக்கவைத்துக் கொடுத்தார். ராசம்மா அக்கா பொன்னுசாமி அண்ணனின் மனைவி. ஆட்டுக்கால் சூப் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பியிருப்பேன். ஷார்ஜாவில் ஒரே அறையில் தங்கியிருக்கிற நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சமைக்கிற எதற்கும் இந்த ருசி வந்ததில்லை. மூன்று டம்ளர் குடித்தேன், வயிறு அடங்கிவிட்டது.

அடுத்து வந்தது சோதனை. பொன்னுசாமி அண்ணன் ஒரு சேவலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நாங்க அறுத்தா நீங்க திங்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. உங்க மொறப்படி நீங்களே அறுத்துக்குங்க" என்றார். எத்தனை மரியாதை பாருங்கள். ஆனால் நான் பிறந்ததிலிருந்து ஒரு கோழியையும் அறுத்ததில்லை. ஷார்ஜாவில் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் சுத்தமாக வரும். கத்தியைப் பிடித்து, பிஸ்மில்லா என்று ஆரம்பித்தேன். எனக்குப் பழக்கமில்லை என்பதைச் சேவல் கண்டுகொண்டது. ஒரே உதறல், கூரை மேல் ஏறி, அங்கிருந்து பலா மரத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும்தான். நூருவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

சிரித்தது இன்னொரு குரலும்தான். பூங்கொடி, அந்த வீட்டுப் பெண், ஒன்பது வயது. இடுப்புவரை தொங்குகிற ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், யோசிக்கும்போது ஜடை நுனியை வாயில் வைத்துக் கடிக்கிற பழக்கம். என் கதையில் இருந்தது ஒரு பையன். அந்த ஜடைக் கடியைப் பார்த்ததும் பையனை அங்கேயே தூக்கிப் போட்டேன். மலைமேல் இருக்கிற ஒரு பெண், கீழே ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும், பஸ்ஸில் வளைவுகளை எண்ணிக்கொண்டே போகிறாள், பாதியில் வாந்தி எடுத்து இறங்கித் திரும்பி நடந்துவிடுகிறாள். கடைசியில் ஒருநாள் மலை முழுக்க இறங்கிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

"நடிக்கிறியா கண்ணு?" என்றேன்.

"வாந்தி எடுக்கற மாதிரியாங்கண்ணா? உவ்வேன்னு காட்டட்டுங்களா?" என்று உடனே காட்டினாள். எனக்கே குமட்டியது. கதாநாயகி கிடைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை கதவைத் திறந்தால் உலகத்தைக் காணோம். மூட்டம். பத்தடி தள்ளியிருந்த மாட்டுக் கொட்டகை இல்லை, பலா மரம் இல்லை, மரத்தில் உட்கார்ந்திருந்த சேவல் மட்டும் எங்கிருந்தோ கூவியது. ஆவணி மாதம் மலைமேல் எப்படி இருக்கும் என்று அடிவாரத்துக்காரன் நான் யோசித்திருக்க வேண்டாமா? ஷார்ஜாவில் வெயில் அதிகம் என்று ஷூட்டிங்கைத் தள்ளிப்போடுவோம். இங்கே வெயிலுக்காக நாள் முழுக்க வாசலில் நின்றேன். கேமராவைத் தூக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது.

வியாழக்கிழமையும் அதேதான், கூடவே தூறல். நூரு அடுப்படியில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைப் பச்சை மிளகாய்ச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டே, "அண்ணே, 'மூட்டம்'னு பேர் வெச்சு இதையே பத்து நிமிஷம் எடுத்துரு, அவார்டு தருவாங்க" என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாளைக்கும் இப்பிடியே இருந்தா என் படம் அவ்ளோதாங்க்கா" என்று ராசம்மா அக்காவிடம் சொன்னேன். "மூணு வருஷமா இதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே எனக்கு எப்ப வாய்க்கும்?"

வளர்ந்த ஆள், அடுத்தவர் வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ராசம்மா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், மூட்டத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். மாட்டைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நூரு என் போர்வையை உருவினாள். "அண்ணே! எந்திரி! வெயில்!"

ஓடிவந்து பார்த்தேன். அம்மாடியோ! கழுவித் துடைத்த மாதிரி மலை. மிளகுக் கொடியில் ஒவ்வொரு இலையும் மினுங்கியது. கீழே அடுக்கடுக்காக வயல், அதற்கும் கீழே, எங்கோ பாதாளத்தில், எங்கள் ஊர்ச் சமவெளி. நான் கத்திய கத்தலில் பலா மரத்துச் சேவல் இன்னொரு மரத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்கு நாங்கள் வேலை பார்த்த மாதிரி என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மூங்கில் கழி நுனியில் மைக்கைக் கட்டி நூரு பிடித்தாள். வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மோகோல் அட்டை இல்லை, பொன்னுசாமி அண்ணன் தன் சலவை வேட்டியை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு நின்றார். "கைய ஆட்டாதீங்கண்ணே" என்றால் மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொள்வார். வயலில் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இந்தப் புள்ளைய அதே வழியில எத்தன வாட்டி நடக்க வெப்பாங்க?" என்றார் ஒருவர்.

"அந்தப் பொட்டிக்குச் சரியாக் கண்ணு தெரியலையாட்டம் இருக்குது" என்றார் இன்னொருவர்.

பூங்கொடியும் ஐந்தாவது டேக்கில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "முன்ன நடந்ததுல என்னங்கண்ணா தப்பு?" என்றாள். உண்மையில் முதல் டேக்தான் நன்றாக இருந்தது. வரப்பில் நடப்பது, ரிப்பன் கட்டுவது, பஸ் நிறுத்தத்தில் ஜடையைக் கடித்துக்கொண்டு தயங்குவது, பஸ்ஸில் ஏறுவது, வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி நடப்பது எல்லாம் எடுத்தோம். மதியம் ஜும்மா தொழுகையை விட்டுவிட்டேன் என்று நூரு குத்திக்காட்டினாள். பயணத்தில் இருக்கிறவனுக்குச் சலுகை உண்டு என்று வாதாடினேன். கடைசியில் இரண்டு பேரும் பொன்னுசாமி அண்ணன் பெருக்கிக் கொடுத்த அறையில் லுஹர் தொழுதுவிட்டு ஓடினோம்.

நாலு மணிக்கு மிச்சமிருந்தது ஒரே காட்சி. அவள் பஸ்ஸில் உட்கார்ந்து எழுபது வளைவும் இறங்குகிற காட்சி. அதற்காக பஸ்ஸை வாடகைக்கு எடுக்க நமக்கு வக்கு ஏது? சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் எப்படியும் இறங்குகிறோம், பூங்கொடியும் அவள் அம்மாவும் கூடவே அடிவாரம்வரை வந்து அதே பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. ஒரே பஸ், ஒரே தடவை, ரீடேக் கிடையாது.

எடுத்ததை எல்லாம் கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராசம்மா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, திருப்புலி நாட்டுல இருந்து எந்தம்பி வந்திருக்கறானுங்க. புள்ளைய மாமன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, காத்தால கோயிலுக்குப் போயிட்டு, அந்தப் பஸ்சுலயே வந்தர்றோமுங்க. கோயில்ல இருந்துதானுங்க அந்த பஸ் பொறப்படுது. நீங்க செம்மேட்டுல ஏறிக்குங்க" என்றார்.

திரையில் பூங்கொடி ஜடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்ன அழகான ஷாட்! "சரிங்க்கா, சரிங்க்கா" என்றேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சனிக்கிழமை காலை செம்மேட்டில் டீக்கடை ஓரமாக நின்றோம். வெயில் பளீரென்று இருந்தது. பேட்டரி முழுசாக ஏறியிருந்தது, புது டேப் போட்டிருந்தேன். எனக்கு நிலைகொள்ளவில்லை. ஜன்னல் ஓரம் பூங்கொடி, காற்றில் ஜடை ஆடுகிறது, வளைவுகளை எண்ணுகிறாள், கடைசி வளைவில் சிரிக்கிறாள். மனதுக்குள் படம் ஓடி முடிந்துவிட்டது. நூரு மட்டும், "காலையில டிபன் சாப்பிடாதன்னு சொன்னேன், நாலு இட்லி எதுக்கு?" என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. "அண்ணா! அண்ணா! நாங்க எடம் போட்டு வெச்சிருக்கறோம்!"

பூங்கொடிதான். மொட்டைத் தலை. வழவழவென்று மொட்டை, அதன் மேல் முழுக்க சந்தனம். வெயில் பட்டு மஞ்சள் பூசணிக்காய் மாதிரி மினுங்கியது.

என் கையிலிருந்த டீ டம்ளர் என்ன ஆனது என்று தெரியாது. பஸ்ஸில் ஏறியது நினைவிருக்கிறது. "என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பினார். "ஜடை எங்கக்கா? நேத்து எடுத்ததெல்லாம் ஜடையோட எடுத்திருக்கேன்! பாதிப் படம் ஜடையோட, பாதிப் படம் மொட்டையோடவா? மூணு வருஷம்க்கா! எல்லாம் போச்சு!"

பூங்கொடி தன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

ராசம்மா அக்கா மிரண்டுபோய், சின்னக் குரலில் சொன்னார். "உங்களுக்காவத்தானுங்க தம்பி வேண்டிக்கிட்டேன். அன்னிக்கு நீங்க சோறு திங்காம கண்ணக் கசக்குனீங்களே. மனசு கேக்கலீங்க. மூட்டம் வெலகுனா புள்ள முடியத் தாரேன்னு அறப்பளீஸ்வரருக்கு நேர்ந்துக்கிட்டேன். மறுநாளே வெலக்கிட்டாருங்களே."

"அதுக்காக இன்னிக்கேவா?"

"இன்னிக்குப் புள்ள உங்களோட மலை எறங்குதுங்களே. நேர்ந்த முடியோட மலை எறங்கக் கூடாதுங்க சாமி. எங்க வழக்கமுங்க அது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமன், "எம்பட மடியில உக்கார வெச்சுத்தானுங்க எடுத்தோம். அழுவவே இல்லீங்க" என்று சாட்சி சொன்னார்.

நான் ஒரு நாளும் அப்படி அவமானப்பட்டதில்லை. என் படத்துக்காக ஒரு தாய் தன் மகளின் முடியைக் கொடுத்திருக்கிறாள், நான் பஸ் அதிரக் கத்திக்கொண்டு நிற்கிறேன். "நான் முஸ்லிம்க்கா, எனக்காக உங்க சாமிகிட்டயா..." என்று என்னவோ உளறினேன்.

"மூட்டம் எங்க மலையோடதுங்களே தம்பி. எங்க சாமிகிட்டத்தானுங்க கேக்கோணும்" என்றார் அக்கா, இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

கண்டக்டர் பொறுமையிழந்து விசிலை வாயில் வைத்தார். "எறங்கறதுன்னா எறங்குங்க, வர்றதுன்னா உக்காருங்க."

பூங்கொடி இன்னும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அசிங்கமா இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டாள். உதடு துடித்தது.

"இல்ல கண்ணு. சூப்பரா இருக்கு" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. நான்தான் அதைப் பார்க்காமல் ஜடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பஸ் கிளம்பியது. நூரு என் முதுகில் ஒன்று வைத்தாள். "அழுதது போதும். எடு. எதையாவது எடு."

முதலில் நூருவின் துப்பட்டாவை பூங்கொடியின் தலையில் கட்டிப் பார்த்தோம். மதரஸாவுக்கு ஓதப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். பஸ்ஸே சிரித்தது, பூங்கொடியும் சிரித்தாள். துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு மொட்டையோடே எடுக்க ஆரம்பித்தேன். கேமராவுக்குள் கண்ணை வைத்தேன். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. வளைவுக்கு வளைவு போர்டு வைத்திருக்கிறார்கள் அல்லவா, ஜன்னல் வழியாக அதுவும் ஃப்ரேமுக்குள் வந்து வந்து போனது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஆடுகிற சின்னத் திரையையே பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தைந்தில் வியர்த்தது. ஐம்பத்திரண்டில் காது அடைத்தது. நாலு இட்லியும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன.

கேமராவை நூருவின் கையில் திணித்துவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. மரங்கள் சுற்றின, டிரைவர் ஹாரன் அடித்தார், யாரோ "பாவமுங்க, தலையப் புடிச்சுக்குங்க" என்றார்கள். சீட்டில் சரிந்தேன். நான் சின்ன வயதில் சரிந்த அதே மாதிரிதான் சரிந்தேன், அழுகைகூட வந்தது.

அப்போது என் மூக்கில் எலுமிச்சை மணம். ஒரு சின்னக் கை என் கண்களைப் பொத்தியது.

"போர்டப் பாக்காதீங்கண்ணா. எண்ணாதீங்க. எண்ணுனா வரும்" என்றாள் பூங்கொடி.

"எண்ணலன்னா... எத்தன பாக்கின்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்னங்க பண்றது? பஸ்சு போவுமுங்க. நானும் சின்னதுல எண்ணி எண்ணித்தான் வாந்தி எடுத்தேன். அப்பறம் எண்ணறத உட்டுப்போட்டேன், வர்றதில்ல. உங்க கதையில அந்தப் புள்ள எண்ணிக்கிட்டே போவுதுன்னு சொன்னீங்களே, அப்பவே நெனச்சேன். எழுபதையும் எண்ணுனா அது எப்படிங்க சும்மா எறங்கும்?"

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க நடன்னீங்க, நில்லுன்னீங்க. இதக் கேக்கவே இல்லீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னாள்.

கண்ணைத் திறக்கவே இல்லை. அந்தக் கை சந்தனமும் எலுமிச்சையும் மணந்தது. பஸ் வளைந்தது, வளைந்தது, வளைந்துகொண்டே இருந்தது. நான் எண்ணவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நின்று கண்டக்டர் கத்தியபோதுதான் கீழே வந்துவிட்டோம் என்றே தெரிந்தது. அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக!

கீழே காற்று சூடாக அடித்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "போச்சு நூரு, ஒண்ணும் எடுக்கல" என்றேன். அவள் கேமராவின் சின்னத் திரையைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். என் தங்கை, கேமராவை அதுவரை தொட்டே பார்க்காதவள், ஐம்பதாவது வளைவிலிருந்து ஒன்றாவது வளைவுவரை நிறுத்தாமல் எடுத்திருந்தாள். பாதி நேரம் பஸ் கூரைதான். ஆனால் நடுவில் ஒரு இரண்டு நிமிடம், என்ன சொல்ல! மொட்டைத் தலைச் சிறுமி ஒருத்தி, ஒரு கையால் தடிமாடு மாதிரி ஒருவனின் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையில் எலுமிச்சை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஏறி வருகிற சமவெளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பயமும் இல்லை, நடிப்பும் இல்லை. இப்படி ஒரு முகத்தை என்னால் சொல்லிக்கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

"ஜடை போட்ட புள்ள பஸ் ஏறுது. மொட்டை போட்ட புள்ள எறங்குது. நடுவுல என்ன ஆச்சுன்னு பாக்கறவங்க யோசிச்சுக்கட்டும்" என்றாள் நூரு. "நீ எல்லாத்தையும் விளக்காத."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் கடைசிக் காட்சி. எழுதினதைவிட நல்ல காட்சி. பெஞ்சிலிருந்து குதித்தேன். நூருவைத் தூக்கிச் சுற்றப் போனேன், "வாந்தி நாத்தம், கிட்ட வராத" என்று விலகிக்கொண்டாள்.

அதற்குள் பஸ் மேலே திரும்பக் கிளம்பிவிட்டது. பூங்கொடியும் ராசம்மா அக்காவும் மாமனும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். பூங்கொடியின் மொட்டைத் தலையைத் தொட்டேன், சந்தனம் என் விரலில் ஒட்டியது. "நீதான் கண்ணு காப்பாத்துன" என்றேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நின்றேன்.

அவர் அதையெல்லாம் மனதில் வைத்ததாகவே தெரியவில்லை. "அது கெடக்குது உடுங்க. படம் ஆச்சுங்களா தம்பி?" என்று ஆவலாகக் கேட்டார்.

"ஆச்சுக்கா! அருமையா ஆச்சு!"

ராசம்மா அக்காவின் முகம் மலர்ந்தது. மலையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பஸ் நகர ஆரம்பித்தது. தன் பெரிய கொண்டையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே எட்டிச் சத்தமாகச் சொன்னார்.

"அப்பச் சரிங்க! மூட்டத்துக்குத்தான் புள்ளயோடது. படம் நல்லபடியா ஆச்சுன்னா எம்பட முடியத் தாரேன்னு நேர்ந்திருக்கறேனுங்க! நாளைக்கே குடுத்தர்றேன்!"

செருப்பு கழன்று விழ, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன்.

"அக்கா! இன்னும் ஆகலக்கா! எடிட்டிங் பாக்கி இருக்குக்கா! மியூசிக் போடணும்க்கா! ஆகலக்கா!"

ஜன்னலில் இரண்டு கைகள் ஆடின. அவர்களுக்கு நான் டாட்டா சொல்வது போலத்தான் தெரிந்திருக்கும். பஸ் முதல் வளைவில் ஏறித் திரும்பியது.